முப்பது நாளுக்குள் கண் பார்க்க வேண்டும்: குறைமாதக் குழந்தைகளின் பெற்றோர் வைக்கும் கோரிக்கைச் சாசனம்

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கும், பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவு நடத்தும் அரசு, தனியார் மருத்துவமனைகளுக்கும், குழந்தை மருத்துவர்கள், கண் மருத்துவர்கள், செவிலியர்கள் அனைவருக்கும்:

28 வாரத்தில், 30 வாரத்தில், 32 வாரத்தில் பிறந்த பிள்ளைகளின் தாய் தகப்பன்மார் நாங்கள். அந்தப் பிள்ளைகளை வார்டில் பார்த்துக்கொண்ட செவிலியர் சிலரும், கண் பரிசோதனைக்காக ஊர் ஊராகப் போய்வரும் பரிசோதகர் சிலரும் எங்களோடு உட்கார்ந்து இதை எழுதியிருக்கிறார்கள். 900 கிராமும் 1,100 கிராமுமாகப் பிறந்த உயிர்களை நீங்கள் பிழைக்க வைத்தீர்கள். எங்கள் தாய்மாரின் காலத்தில் அந்த எடையில் பிறந்த பிள்ளையைத் துணியில் சுற்றிக் கையில் கொடுத்துவிடுவார்கள். அதனால் நன்றியோடுதான் தொடங்குகிறோம். பிழைக்க வைத்தவர்களிடம்தான் மீதியையும் கேட்க முடியும்.

மீதி என்பது கண்.

தாயின் வயிற்றில் 16ஆம் வாரத்தையொட்டி விழித்திரையில் ரத்தக் குழாய்கள் நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி வளரத் தொடங்குகின்றன. மூக்குப் பக்க ஓரத்தை 36ஆம் வாரத்திலும், காதுப் பக்க ஓரத்தைப் பிரசவத் தேதிக்கு நெருக்கத்திலும்தான் அவை எட்டும். 28 வாரத்தில் பிறந்த குழந்தைக்கு இந்த வேலை பாதியில் நிற்கிறது. நின்ற குழாய்கள் சில வாரங்கள் கழித்து மறுபடி வளரும்போது சில குழந்தைகளுக்குத் தறிகெட்டு வளர்கின்றன. ரத்தம் கசிகிறது, தழும்பு கட்டுகிறது, தழும்பு சுருங்கி விழித்திரையைப் பின்சுவரிலிருந்து பிய்த்து எடுத்துவிடுகிறது. வார்டில் இதை ஆர்.ஓ.பி. என்பார்கள். பெரும்பாலான குழந்தைகளுக்கு இது தானாகவே அடங்கிவிடும். அடங்காத சிலருக்கு லேசரோ ஊசியோ வேண்டும். யாருக்கு அடங்கும், யாருக்கு அடங்காது என்பது கண்ணுக்குள் பார்த்தால் மட்டுமே தெரியும்.

வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றுமே தெரியாது. சீழ் வராது, சிவக்காது, குழந்தை அழாது. கண் திறந்திருக்கும், இமைக்கும். 'கண்ணு நல்லாத்தானே முழிக்குது' என்று பாட்டி சொல்வாள், அவள் சொல்வதில் தப்பும் இல்லை. நாலைந்து மாதத்தில் பிள்ளை முகம் பார்த்துச் சிரிக்கவில்லையே என்று சந்தேகம் வரும்போது, அல்லது கருவிழிக்குள் வெள்ளையாக எதுவோ தெரியும்போது, விழித்திரை கழன்று முடிந்திருக்கும். அதன்பின் செய்யும் அறுவை சிகிச்சையால் மிஞ்சுவது வெளிச்சம், இருட்டு தெரிகிற அளவுதான், அதுவும் எல்லோருக்கும் இல்லை. ஆகவே இந்த நோயில் மருந்தைவிட நாள்காட்டிக்கு வேலை அதிகம். பிறந்தபின் சில வாரங்கள் மட்டுமே கதவு திறந்திருக்கிறது.

இதைத் தமிழ்நாடு தெரியாமல் இருக்கவில்லை. 1996 ஆகஸ்டில் சென்னையின் அரசு மருத்துவமனை ஒன்றில் 29 வாரத்தில், 1,250 கிராம் எடையில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. இன்குபேட்டரில் இருந்தது, ஆக்சிஜன் பெற்றது, பிழைத்து வீடு போனது. பெற்றோர் அலட்சியமாக இருந்துவிடவில்லை. மறுபரிசோதனைக்கு வந்தார்கள். கண்ணைப் பார்க்க வேண்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. நான்கரை மாதத்தில் தெரிந்தபோது இரண்டு கண்களும் போயிருந்தன. வழக்கு தேசிய நுகர்வோர் ஆணையம் வழியாக உச்ச நீதிமன்றம் வரை நடந்தது. 2015 ஜூலை 1 அன்று வந்த தீர்ப்பு ஏறத்தாழ 1 கோடியே 80 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்கியது. அதில் பெரும்பங்கைக் கொடுக்க வேண்டியது தமிழ்நாடு அரசு. டிஸ்சார்ஜ் சீட்டில் இந்த நோய் வரலாம் என்ற எச்சரிக்கை இல்லை என்பதை நீதிமன்றம் எடுத்துக் காட்டியது. தீர்ப்பு வரும்போது அந்தக் குழந்தைக்கு 18 வயது.

இன்றைக்கு விதி இல்லாமல் இல்லை. 2013இல் தொடங்கிய தேசியச் சிறார் நலத் திட்டத்தில், அதாவது ஆர்.பி.எஸ்.கே.யில், பார்க்க வேண்டிய 30 குறைகளின் பட்டியலிலேயே ஆர்.ஓ.பி. இருக்கிறது. 34 வாரத்துக்கு முன் பிறந்த, அல்லது 2,000 கிராமுக்குக் குறைவான எடையுள்ள ஒவ்வொரு குழந்தைக்கும் 30 நாளுக்குள் முதல் கண் பரிசோதனை என்று வழிகாட்டுதல் சொல்கிறது. 28 வாரத்துக்கு முன்போ, 1,200 கிராமுக்குக் குறைவாகவோ பிறந்திருந்தால் இரண்டு, மூன்று வாரத்துக்குள். 34 முதல் 36 வாரத்துக்குள் பிறந்தாலும் மூச்சுத் திணறல், கிருமித் தொற்று, நீண்டநாள் ஆக்சிஜன் என்று அவதிப்பட்ட குழந்தைக்கும் பார்க்க வேண்டும். அமெரிக்காவில் பொதுவான கோடு 1,500 கிராம், 30 வாரம். இங்கே அதைவிடப் பெரிய குழந்தைகளுக்கும் இந்த நோய் வருவதால்தான் நம் கோடு மேலே இருக்கிறது. வெளிநாட்டுப் புத்தகத்தைப் பார்த்து '1,700 கிராம் இருக்கே, தேவையில்லை' என்று சொல்கிற மருத்துவர் இன்னும் இருக்கிறார் என்பது எங்களில் சிலருடைய அனுபவம்.

விதியும் வைத்தியமும் இருந்தும் பிள்ளை நழுவுவது ஒரே இடத்தில்தான்: முப்பதாம் நாளை நினைவில் வைக்க வேண்டியவர் யார் என்று யாரும் தீர்மானிக்காத இடத்தில். குழந்தை மருத்துவர் கண் மருத்துவரிடம் விடுகிறார். கண் மருத்துவர் அனுப்பினால் பார்க்கிறார். நடுவில், தையல் போட்ட வயிற்றோடு, பால் கட்டிய மார்போடு, மூன்று வாரம் தூங்காத ஒரு பெண்ணின் தலையில் அந்தத் தேதியைக் கட்டிவிடுகிறோம். எங்கள் கோரிக்கைகள் எல்லாம் இந்த ஒன்றிலிருந்து பிறந்தவை. தேதி மருத்துவமனையின் பொறுப்பாக வேண்டும்.

1. சேர்க்கும் அன்றே தேதி குறிக்க வேண்டும்.

குழந்தை தீவிர சிகிச்சைப் பிரிவுக்குள் வருகிற அன்றே எடையும் வாரமும் எழுதப்படுகின்றன. அதே வரியில் கண் பரிசோதனைத் தேதியும் எழுதப்பட வேண்டும். கேஸ் ஷீட்டில், தொட்டிலில் தொங்கும் அட்டையில், தாய் சேய் நல அட்டையில், மூன்றிலும். வாரக் கணக்கு நிச்சயமில்லை என்றால் எடையை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் சந்தேகம் இருந்தால் பார்ப்பது என்றே முடிவெடுங்கள். டிஸ்சார்ஜ் எழுதும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் நடக்காது. டிஸ்சார்ஜ் அன்று பில், மருந்துச் சீட்டு, ஆம்புலன்ஸ், வார்டு பாய்க்குக் காசு என்று ஆயிரம் இருக்கும். அந்தச் சந்தடியில் 'கண்ணையும் ஒருதரம் காட்டிடுங்கம்மா' என்று சொல்லப்படுவது காதில் விழுவதே இல்லை.

ஒரு மருத்துவமனையிலிருந்து இன்னொன்றுக்குக் குழந்தை மாற்றப்பட்டால் தேதியும் கூடவே போக வேண்டும். தனியாரில் பத்து நாள், பணம் தீர்ந்து அரசு மருத்துவமனையில் பத்து நாள், பிறகு வீடு என்று போகிற குழந்தைகள்தான் அதிகம் தவறிப்போகின்றன. அனுப்பியவர் அங்கே பார்ப்பார்கள் என்கிறார், வாங்கியவர் அங்கே பார்த்திருப்பார்கள் என்கிறார்.

2. வார்டில் இருக்கும் குழந்தைக்கு வார்டிலேயே பார்க்க வேண்டும்.

மானிட்டரும் குழாயுமாக இருக்கும் பிள்ளையைக் கண் புறநோயாளிப் பிரிவின் வரிசைக்குத் தூக்கிப்போகச் சொல்லாதீர்கள். ஒவ்வொரு பிரிவுக்கும் வாரத்தில் ஒரு கிழமை நிர்ணயித்து, அன்று கண் மருத்துவரோ பயிற்சி பெற்ற பரிசோதகரோ வந்தே தீர வேண்டும். அன்று விடுமுறை என்றால் மறுநாள். பொங்கல் வாரத்திலும் விழித்திரை வளரத்தான் செய்கிறது.

எல்லா மாவட்டத்துக்கும் விழித்திரை நிபுணர் கிடைக்கமாட்டார் என்ற பதில் எங்களுக்குத் தெரியும். கர்நாடகம் அதற்கு வழி காட்டி வெகுநாளாயிற்று. பெங்களூரு நாராயண நேத்ராலயா 2008இல் தொடங்கிய கிட்ராப் திட்டத்தில், பயிற்சி பெற்ற பரிசோதகர்கள் கேமராவை எடுத்துக்கொண்டு சிற்றூர் மருத்துவமனைகளுக்குப் போய் விழித்திரையைப் படம் எடுக்கிறார்கள். தூரத்தில் இருக்கும் நிபுணர் படத்தைப் பார்த்துச் சொல்கிறார். நம் பக்கத்திலேயே கோவை அரவிந்த் கண் மருத்துவமனை சுற்றுவட்டார மாவட்டங்களுக்கு இப்படிப்பட்ட சேவையை நடத்துகிறது. குழந்தைகளுக்கான அகலக் கோணக் கேமரா இப்போது பெங்களூரிலேயே தயாராகிறது, வெளிநாட்டு விலை கொடுக்க வேண்டியதில்லை. தொண்டு மனமும் ஒரு சில மருத்துவரின் பிடிவாதமும் இருக்கும் மாவட்டத்தில் பிறந்தால் பார்வை, இல்லாத மாவட்டத்தில் பிறந்தால் இருட்டு என்ற நிலையை அரசு ஏற்கக் கூடாது. ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கும் ஒரு கேமரா, அதை இயக்க மாற்றல் ஆகாத இரண்டு பேர், படத்தை அன்றே படித்துச் சொல்ல ஒரு நிபுணர் குழு. இவ்வளவுதான் கேட்கிறோம். கேமரா வாங்கி அறையில் பூட்டி வைப்பதைச் செலவுக் கணக்கில் மட்டும் காட்டுங்கள், சாதனைக் கணக்கில் காட்டாதீர்கள்.

3. இரண்டு விலாசம், இரண்டு கைப்பேசி எண்.

இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும், ஏனென்றால் எந்த வழிகாட்டுதலும் இதை எழுதியதாகத் தெரியவில்லை. நம் ஊரில் தலைப்பிரசவம் தாய்வீட்டில். கர்ப்பத்தைப் பதிவு செய்து பிக்மி எண் வாங்கும்போது கொடுத்தது கணவன் வீட்டு விலாசம், கணவனின் கைப்பேசி எண். குழந்தை பிறந்தது தாய்வீட்டுக்குப் பக்கத்து மருத்துவமனையில். டிஸ்சார்ஜ் ஆகிப் போவது தாய்வீட்டுக்கு. இருபத்தைந்தாம் நாள் மருத்துவமனையிலிருந்து போன் அடித்தால் திருப்பூரில் பனியன் கம்பெனி இரைச்சலில் இருக்கும் கணவன் எடுக்கிறான் அல்லது எடுக்கவில்லை. புகுந்த ஊரின் கிராம சுகாதார செவிலியர் வீட்டுக்குப் போனால் 'பிள்ளை அவ அம்மா வீட்ல இருக்கு' என்கிறார்கள். அம்மா வீட்டு ஊரின் செவிலியருக்கு அப்படி ஒரு குழந்தை வந்திருப்பதே தெரியாது. குழந்தை எங்கும் தொலையவில்லை, பதிவேட்டில்தான் தொலைந்திருக்கிறது.

அதனால் டிஸ்சார்ஜின்போது அடுத்த இரண்டு மாதம் குழந்தை தங்கப்போகும் வீட்டின் விலாசத்தையும், அந்த வீட்டில் இருப்பவரின் எண்ணையும் தனியாகக் கேட்டு எழுதுங்கள். அந்த ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அன்றே செய்தி போகட்டும். தேதிக்கு முந்தின நாள் செவிலியர் ஒருவர் வீட்டு வாசலில் நிற்கட்டும்.

வாசலில் நிற்க வேண்டும் என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. பிள்ளை பெற்ற வீட்டில் முப்பது நாள், நாற்பது நாள் படியிறங்கக் கூடாது என்ற வழக்கம் பல குடும்பங்களில் இருக்கிறது. அதுவும் குறைமாதப் பிள்ளை என்றால் காற்றே படக் கூடாது. அந்த நாற்பது நாளுக்குள்ளேதான் இந்தப் பரிசோதனையின் கெடு அடங்கிவிடுகிறது. பெரியவர்களை மூடநம்பிக்கை என்று திட்டினால் வேலை நடக்காது. தொற்று பயத்தில் பிறந்த வழக்கம் அது, பாதி நியாயமும் அதில் உண்டு. வார்டிலேயே பாட்டியையும் உட்கார வைத்து, இந்த ஒரு நாளுக்கு மட்டும் விலக்கு வேண்டும் என்று மருத்துவர் வாயால் கேட்டால் கேட்பார்கள். நாங்கள் பார்த்திருக்கிறோம்.

4. என்ன செய்யப்போகிறீர்கள் என்று தமிழில் முன்னமே சொல்ல வேண்டும்.

சொட்டு மருந்து விட்டுக் கண் பாப்பாவை விரிய வைப்பார்கள், இமை மூடாதிருக்கச் சின்னக் கம்பி வைப்பார்கள், விளக்கு அடித்துப் பார்ப்பார்கள், குழந்தை கத்தும், பிறகு கொஞ்ச நேரம் கண் சிவந்திருக்கும். இதைத் தெரியாமல் கதவிடுக்கில் பார்த்த தாய் அடுத்த பரிசோதனைக்கு வரமாட்டாள். முன்னமே சொல்லிவிட்டால் வருவாள். துணியில் இறுக்கிச் சுற்றுவது, நாக்கில் சர்க்கரைக் கரைசல் வைப்பது, கொஞ்ச நேரம் முன்பே பால் நிறுத்துவது இவையெல்லாம் வலியையும் வாந்தியையும் குறைக்கும் வழிகள். எல்லா இடத்திலும் தவறாமல் செய்யுங்கள்.

5. ஒருதரம் பார்த்துவிட்டு முடித்துவிடக் கூடாது.

'பாத்தாச்சு, நார்மல்' என்ற சொல் இந்த நோயில் ஆபத்தானது. குழாய்கள் ஓரம் வரை வளர்ந்து முடியும்வரை ஒரு வாரத்துக்கோ இரண்டு வாரத்துக்கோ ஒருமுறை பார்க்க வேண்டும். ஒவ்வொரு முறையும் அடுத்த தேதியை எழுத வேண்டும். 'பரிசோதனை முழுமை பெற்றது' என்று கையெழுத்திட்ட சீட்டு கைக்கு வரும்வரை குழந்தை பட்டியலிலேயே இருக்கட்டும். ஊசி போட்ட குழந்தைக்கு நோய் மாதங்கள் கழித்தும் திரும்பலாம். லேசருக்கும் ஊசிக்கும் உள்ள இந்த வேறுபாட்டைப் பெற்றோருக்குச் சொல்லிவிட்டுத்தான் ஒப்புதல் கையெழுத்து வாங்க வேண்டும். தூரத்து ஊர்க்காரர் திரும்பத் திரும்ப வர இயலுமா என்பதும் எந்தச் சிகிச்சை என்ற முடிவில் இடம்பெற வேண்டும்.

6. சிகிச்சை வேண்டும் என்று தெரிந்தால் 48 மணி நேரம். அதிகம் போனால் 72.

இதற்கிடையில் காப்பீட்டு அனுமதி, மயக்க மருத்துவர், ஆம்புலன்ஸ் என்ற மூன்றும் குறுக்கே நிற்கின்றன. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் இந்தச் சிகிச்சைக்கு முன் அனுமதிக்காகக் காத்திருக்கும் நிலை கூடாது. முதலில் லேசர், பிறகு காகிதம். பிறந்த குழந்தையின் பெயர் குடும்ப அட்டையில் இல்லை என்பதைக் காரணம் காட்டாதீர்கள். ஒரு மாதக் குழந்தைக்குப் பல வீட்டில் பெயரே வைத்திருக்கமாட்டார்கள். ஜனனி சிசு சுரக்ஷா திட்டம் ஒரு வயது வரை நோயுற்ற குழந்தைக்கு இலவசச் சிகிச்சையும் இலவச வண்டியும் தருகிறது. கண் பரிசோதனைக்கான பயணத்துக்கும் அதே வண்டி வரும் என்று எழுத்தில் ஆணை வேண்டும். கூடவரும் தாய்க்குச் சாப்பாடு, படுக்க இடம். இரட்டைக் குழந்தை என்றால் தூக்க இன்னொரு ஆளுக்கும்.

7. ஆக்சிஜனை அளந்து கொடுக்க வேண்டும்.

1940களில் அமெரிக்காவில் இன்குபேட்டருக்குள் தாராளமாக ஆக்சிஜன் விட்டார்கள், உயிர் காப்பதற்காக. 1942இல் பாஸ்டனில் டெர்ரி என்ற மருத்துவர் இந்தக் கண் நோயை முதலில் விவரித்தார். 1951இல் மெல்போர்னில் கேட் கேம்பல் என்ற குழந்தை மருத்துவர் ஆக்சிஜன்தான் காரணமாக இருக்கலாம் என்று சுட்டிக்காட்டினார். 1953-54இல் பல மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஆய்வு அதை உறுதி செய்தது. அதற்குள் உலகெங்கும் சுமார் 10,000 குழந்தைகள் பார்வை இழந்திருந்தார்கள். பிறகு பயந்துபோய் ஆக்சிஜனை ஒரேயடியாகக் குறைத்தபோது குழந்தைகள் இறந்தன. ஆகவே ஆக்சிஜனே வேண்டாம் என்று நாங்கள் கேட்கவில்லை. ஆக்சிஜன் வைத்ததால்தான் கண் போயிற்று என்று செவிலியரோடு சண்டைக்கு நிற்கும் பெற்றோரையும் நாங்கள் ஆதரிக்கவில்லை. காற்றையும் ஆக்சிஜனையும் கலந்து கொடுக்கும் பிளெண்டர் ஒவ்வொரு படுக்கைக்கும் வேண்டும். பல்ஸ் ஆக்ஸிமீட்டரில் 90 முதல் 95 வரை என்ற அளவும், மேலே போனாலும் அடிக்கிற அலாரமும் வேண்டும். 100 காட்டினால் நல்லது என்று நினைத்து அந்த அலாரத்தை அணைத்து வைப்பது வழக்கமாகிவிட்டது. குறைமாதக் குழந்தைக்கு ஆக்சிஜன் வைத்திருக்கும்போது 100 என்பது எச்சரிக்கை. 108 வண்டியில் போகும் ஒரு மணி நேரத்துக்கும் இதே விதி. பிரசவ அறையின் முதல் பத்து நிமிடத்திலும் அளந்தே கொடுக்க வேண்டும். ஒரு செவிலியர் எத்தனை தொட்டிலைப் பார்க்கிறார் என்பதையும் இதோடு சேர்த்தே கேளுங்கள். எண்ணைப் பார்க்க ஆள் இல்லாமல் கருவி மட்டும் இருந்து பயனில்லை.

8. தனியார் மருத்துவமனைகளுக்கு விலக்கு கிடையாது.

1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவு பெற, தீவிர சிகிச்சைப் பிரிவு நடத்துகிறவர்கள் கண் பரிசோதனைக்கான எழுத்துபூர்வ ஏற்பாட்டைக் காட்ட வேண்டும். வென்டிலேட்டருக்கு ஒரு நாள் வாடகை வாங்கத் தெரிந்தவர்களுக்குக் கண் மருத்துவரை வாரம் ஒருமுறை அழைக்கத் தெரியாமல் போகாது. கருத்தரிப்பு மையங்களும் கேட்டுக்கொள்ளட்டும்: இரட்டை, மூன்று என்று கருப்பையில் உறுதியான அன்றே, குறைமாதப் பிரசவம் நேர்ந்தால் கண் பார்க்க வேண்டும் என்ற தாள் பெற்றோர் கைக்கு வர வேண்டும்.

9. எண்ணிக்கையை வெளியிட வேண்டும்.

மாவட்டம்தோறும், தனியாரையும் சேர்த்து: தகுதியுள்ள குழந்தைகள் எத்தனை, 30 நாளுக்குள் பார்க்கப்பட்டவை எத்தனை, சிகிச்சை தேவைப்பட்டவை எத்தனை, 72 மணி நேரத்துக்குள் பெற்றவை எத்தனை. 'இத்தனை ஆயிரம் பரிசோதனைகள் செய்தோம்' என்ற எண் எங்களுக்கு வேண்டாம். பார்க்கப்படாதவர்களின் எண்தான் வேண்டும்.

10. ஏற்கெனவே பார்வை இழந்த பிள்ளைகள்.

இந்தக் குடும்பங்கள் கடனை வாங்கி ஊர் ஊராக, மாநிலம் மாநிலமாக அறுவை சிகிச்சைக்கு அலைகின்றன. எதிலும் பலன் இல்லை என்று நேராகச் சொல்ல ஒரு மருத்துவர் முன்வந்தால் அந்த அலைச்சலில் இரண்டு வருடம் மிச்சமாகும். அந்த இரண்டு வருடம்தான் பிள்ளைக்குத் தொட்டும் கேட்டும் உலகத்தைக் கற்றுத்தர வேண்டிய காலம். மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையத்தில் பார்வைக் குறைக்கான பயிற்சியாளர் ஒருவர் கண்டிப்பாக இருக்கட்டும். நோய் உறுதியான வாரத்திலேயே அவரிடம் அனுப்புங்கள். மாற்றுத்திறனாளி அடையாள அட்டைக்காகப் பார்வையில்லாத குழந்தையை மூன்று முறை வரவழைக்காதீர்கள். லேசரால் பார்வை காப்பாற்றப்பட்ட பிள்ளைகளுக்கும் கிட்டப்பார்வையும் மாறுகண்ணும் வரலாம் என்பதால், கண்ணாடி செலவோடு சேர்த்து, பள்ளி வயது வரை அவர்களைக் கண்காணிக்க வேண்டும்.

இந்தச் சாசனத்துக்குப் பதில் எழுத்தில் வேண்டும். பரிசீலனையில் உள்ளது, குழு அமைக்கப்படும், நிதி ஒதுக்கப்பட்டுள்ளது என்ற மூன்றையும் நாங்கள் பதிலாக எடுத்துக்கொள்ளப்போவதில்லை. எந்த மாவட்டத்தில், எந்த மருத்துவமனையில், எந்தக் கிழமை, எத்தனை மணிக்குக் கண் பார்ப்பார்கள், வராத குழந்தையைத் தேடிப்போக வேண்டியவர் யார், அவருடைய எண் என்ன என்ற ஒரு பட்டியல் போதும். அதை ஒவ்வொரு பிரசவ வார்டின் கதவிலும் ஒட்டுங்கள். ஒட்டாத மாவட்டங்களின் பெயர்களை நாங்கள் வெளியிடுவோம்.